சுவர் என்று நான் எழுதியது

“அது சுவர்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இதை என்னிடம் கேட்டவளை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. மெயின்லேண்டில், கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெருநிலத்தில், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் போனில் அக்கா என்று கூப்பிடுவேன். அங்கிருந்த ஒரு பேராசிரியருக்காக நான் தீவிலிருந்தே ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். அதைப் பற்றி நான் எழுதிய அறிக்கையைப் படித்துப் பார்க்கும்படி அவர் இவளிடம் கொடுத்திருந்தார். படித்துவிட்டுத்தான் கூப்பிட்டாள். நான் அப்போது போர்ட் பிளேரில், அபர்டீன் பஜார் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், வீட்டுக்குப் போகும் சிப்பிகாட் பேருந்துக்காக நின்றிருந்தேன்.

“பாத்தேன். அதனால தெரியும்,” என்றேன்.

“எங்கேருந்து பாத்தீங்க?”

“போர்ட் பிளேர்லேருந்துதான். வேற எங்கேருந்து?”

அவள் சிரித்துவிட்டாள். “அய்யோ, அதைக் கேக்கல. எந்தப் பக்கத்துலேருந்துன்னு கேட்டேன். ஒரே பக்கமா நின்னு பாத்துட்டு, சுவருன்னு எழுதியிருக்கீங்களே.”

பேருந்து வந்துவிட்டது. சிக்னல் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது.

சிப்பிகாட் போகும் சாலையில் ஓரிடத்தில் இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் நிற்கும். முன்பு அங்கே நெல் விளைந்ததாம். சுனாமிக்குப் பிறகு நிலம் இறங்கிவிட்டதால் ஏற்றத்தின்போது கடல் உள்ளே வந்து போகிறது. செத்த தென்னைகள் தலையில்லாமல் நிற்கின்றன. அன்று அந்த இடத்தைத் தாண்டும்போது, போய் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. தீவுக்காரி, ஒரு பக்கம் பார்ப்பவள், அவளுக்கு இவ்வளவுதான் தெரியும் என்று அந்தச் சிரிப்பு சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். அவள் அப்படி நினைக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அது எனக்குத் தேவைப்படவில்லை. கோபப்பட ஒரு காரணம் கிடைத்ததே போதும் என்றிருந்தது.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பிறந்தது இலங்கையில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். பத்து வயதில் கப்பலேற்றி அனுப்பினார்கள். பிறகு இன்னொரு கப்பல். கடைசியில் தெற்கே நிக்கோபார் பக்கம் ஒரு தீவில், ரப்பர் தோட்டத்தில் வந்து இறங்கினார். அவருக்குக் கையெழுத்துக் கிடையாது, பெருவிரல்தான். அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவாள். அதுவும் நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது எழுத்தைக் கடைசி வரைக்கும் தலைகீழாகத்தான் போட்டாள்.

சுனாமி வந்த காலை, கப்பல் வரவேண்டிய காலை. அம்மா ஜெட்டிக்கு, கப்பல் அணையும் துறைக்கு, போயிருந்தாள். நானும் அப்பாவும் மேட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தோம். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன். போர்ட் பிளேர் தகரக் குடியிருப்புக்கு எங்களைக் கொண்டுவந்த பிறகும் ரொம்ப நாள் பட்டியலில் அம்மாவின் பெயருக்கு எதிரே ‘காணவில்லை’ என்றே இருந்தது. பிறகு அதை மாற்ற ஒரு படிவம் வந்தது. நான்தான் நிரப்பினேன். எங்கள் வரிசையில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் மற்ற வீடுகளுக்கும் நானே நிரப்பினேன். அப்போது ஒன்பதாம் வகுப்பு.

பிறகு அப்பாவுக்குச் சிப்பிகாட்டில் ஒரு பண்ணையில் வேலை கிடைத்தது. நான் கல்லூரி முடித்து, முதுகலை இயற்பியலுக்குச் சென்னை போனேன். இரண்டாம் ஆண்டின் முடிவில் அப்பா பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. பட்டத்தை வாங்கிக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டேன். ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. அப்பா மெல்லத் தடியை ஊன்றி நடக்கத் தொடங்கினார். என்னோடு படித்தவர்கள் ஆளுக்கொரு ஊரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டார்கள். சென்னையில் ஒருமுறை பேசக் கேட்ட அந்தப் பேராசிரியருக்கு நான் ஐந்து முறை மின்னஞ்சல் எழுதினேன். ஐந்தாவதற்குப் பதில் வந்தது. சும்மா கிடந்த ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்தார். அதை நல்லபடியாக முடித்தால் முனைவர் பட்ட நேர்காணலில் அதையே பேசலாம் என்றார். முடித்தேன், அனுப்பினேன். நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. எட்டு வாரம் இருந்தது. அந்த அறிக்கையை விட்டால் குழுவின் முன்னால் வைக்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

அதைத்தான் அவள் கேட்டாள், எப்படித் தெரியும் என்று.

அந்தக் கணக்கு இதுதான். லித்தியம் அணுக்கள் கொஞ்சத்தை ஒளியாலேயே பிடித்து, காற்றில்லாத பெட்டிக்குள் அந்தரத்தில் நிறுத்தி, எந்தப் பனிமலையிலும் இல்லாத குளிருக்குக் கொண்டுபோகிறார்கள். சுருட்டு மாதிரி நீளமான ஒரு சின்ன மேகம். இந்த அணுக்களின் குணம், ஒன்று இருக்கும் நிலையில் இன்னொன்று இருக்காது. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே போகும். ஆனால் போதுமான குளிர் வந்துவிட்டால் இரண்டு இரண்டாகச் சோடி சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகு மேகம் முழுவதும் ஒரே உடம்பு மாதிரி ஆகிவிடும். எதிலும் உரசாமல், தேயாமல் ஓடும். மீப்பாய்மம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள்.

ஒவ்வொரு சோடியிடமும் ஒரு கடிகார முள் இருப்பதாக நினைத்துக்கொண்டால் போதும். எல்லா முட்களும் ஒரே பக்கம் காட்டும். மேகத்தின் ஒரு பாதியில் மட்டும் முட்களை அரைச்சுற்றுத் திருப்பிவிட்டால், இரண்டு பாதியும் சந்திக்கும் இடத்தில் எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் சோடிகள் மெலிந்துபோகும். அங்கே குறுக்கே ஒரு மெல்லிய சுவர் எழும், அடர்த்தி குறைந்த, இருட்டான சுவர். அதற்குச் சாலிட்டான் என்று பெயர். இன்னொரு வகைக் குறையும் உண்டு. அது ஒரு கோடு. அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு நடை போய் வந்தால் முள்ளும் சரியாக ஒரு முழுச்சுற்றுச் சுற்றியிருக்கும். அது சுழி. சுழியை எந்த இடத்திலும் தேய்த்து அழிக்க முடியாது. மேகத்தின் ஓரத்துக்குப் போய் வெளியேற வேண்டும், இல்லையென்றால் தனக்கு எதிர்ப்பக்கம் சுற்றும் இன்னொன்றைச் சந்திக்க வேண்டும். அதுவரை இருந்துகொண்டேதான் இருக்கும். சோடி கிடைக்காத அணுக்கள் ஏதாவது மேகத்தில் மிஞ்சினால் அவை இந்த மாதிரி இருட்டுக்குள் போய்த் தங்கிவிடும் என்றும் ஓரிடத்தில் படித்தேன். அந்த வரியை மட்டும் பலமுறை படித்திருக்கிறேன்.

அம்மா போனதால்தான் நான் ஓட்டைகளைப் பற்றிப் படிக்கிறேன் என்று என்னுடன் வேலைபார்த்த ஓர் ஆசிரியை மற்றவர்களிடம் சொன்னாராம். இல்லை. பேராசிரியரிடம் இந்தக் கணக்குத்தான் காலியாக இருந்தது.

சுவரை உண்டாக்கிவிட்டு அது எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும், அதுதான் என் வேலை. நிஜ மேகம் எதையும் நான் பார்த்ததில்லை. என் மேகம் முழுக்க எண்கள். மெயின்லேண்டு நிலையத்தின் கணினிகளில் அது ஓடும். நான் பஜாரில் ஒரு தெலுங்குக்காரரின் இன்டர்நெட் கடையிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்புவேன். அந்தக் காலத்தில் தீவு முழுவதற்கும் செயற்கைக்கோள் வழியாகத்தான் இணைப்பு. மழை வந்தால் போய்விடும். “மேடம், ஆஜ் லிங்க் நஹி ஹை,” இன்றைக்கு இணைப்பு இல்லை என்று கடைக்காரர் வாசலிலேயே கையை விரிப்பார். லிங்க் இருக்கும் நாளிலும், மேகத்தின் முழு உருவம் ஒன்றை இறக்க ஒரு பிற்பகல் போகும். முக்கால்வாசி வந்து அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

அதனால் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். முழு மேகம் எனக்கு வேண்டாம், அதன் நிழல் போதும். ஒரு பக்கத்திலிருந்து விளக்கடித்தால் எதிர்ச்சுவரில் என்ன நிழல் விழுமோ அந்தப் படத்தை மட்டும் எனக்கு அனுப்பு. படம் சின்னது. பத்து நிமிடத்தில் ஒன்று வந்துவிடும். தீவிலிருக்கும் ஒருத்தி கண்டுபிடிக்கக்கூடிய வழி இது. மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு வரி எழுத வேண்டிய அவசியமே வராது. எனக்கு அதில் பெருமை.

நிழல்படங்களில் மேகத்துக்குக் குறுக்கே நேராக ஒரு கறுப்புக் கோடு. அடுத்தடுத்த படங்களில் அது நகர்ந்து ஒரு முனைவரை போய்த் திரும்பியது. ரொம்ப மெதுவாக. சுவர் போக வேண்டிய வேகத்தைவிட மிகவும் மெதுவாக. ஏன் மெதுவாகப் போகிறது என்று மூன்று வாரம் யோசித்து, சுவர் நாம் நினைப்பதைவிடக் கனமானது என்று எழுதினேன். அதற்குக் கணக்கும் போட்டேன். அறிக்கையில் புதிது என்று சொல்ல அந்த ஒன்றுதான் இருந்தது. தலைப்பிலும் அதையே வைத்தேன். தொடக்கத்தில் வந்த சில படங்கள் மட்டும் கலங்கலாக இருந்தன. தொடக்கக் கலக்கம் என்று தூக்கிப்போட்டுவிட்டேன்.

ஒரு வாரம் அக்காவுக்கு நான் போன் செய்யவில்லை. பள்ளிக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். தீவுகள் எல்லாவற்றிலும் சேர்த்து இதைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் கிடையாது. முன்பும் கிடையாதுதான். ஆனால் நான் சரி என்று இருந்தவரையில் அது தெரியவில்லை. சந்தேகம் வந்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லாதது தெரிந்தது.

எட்டாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘அன்னிக்குச் சிரிச்சதுக்கு ஸாரி. முழு டேட்டா இங்க இருக்கு. லீவுக்குச் சென்னைக்கு வீட்டுக்குப் போறேன், வேணும்னா கப்பல்ல குடுத்து விடறேன். துறைமுகம் எங்க வீட்டுக்கிட்டதான்.’

வேண்டாம் என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு, ‘சரி’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

கப்பலில் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். சென்னைத் துறைமுக வாசலில் நின்றால் மருந்து, மிக்ஸி, கல்யாணப் பத்திரிகை என்று எதையாவது கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள். போர்ட் பிளேரா என்று கேட்டு, ஆமாம் என்பவர் கையில் கொடுத்துவிடுவார்கள். மறுபக்கம் ஜெட்டியில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். யாரும் ஏமாற்றி நான் கேள்விப்பட்டதில்லை. அக்காவுக்கு இது புதிது. முதல் ஆளிடமே கொடுத்துவிட்டு, ‘பச்சைப் புடவை கட்டின அம்மா. கையில கறுப்புப் பை’ என்று அடையாளம் அனுப்பியிருந்தாள்.

கப்பல் நான்காம் நாள் காலை ஹேடோ ஜெட்டிக்கு வந்தது. கேட்டுக்கு வெளியே நின்று பச்சைப் புடவையைத் தேடினேன். ஒரு பச்சைப் புடவை வந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். அவர் வங்காளி, என்னைப் பார்த்து மிரண்டுவிட்டார். கறுப்புப் பை எல்லார் கையிலும் இருந்தது. கூட்டம் கரைந்தது. ஆட்டோக்கள் போய்விட்டன. ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அம்மா, மஞ்சள் புடவை, சத்தமாகக் கேட்டார்.

“ஏம்மா, கம்ப்யூட்டரு சாமான் வாங்க வந்த புள்ள நீதானா?”

“ஆமாங்க. பச்சைப் புடவைன்னு சொன்னாங்க.”

“நல்லாச் சொன்னாங்க. மூணு நாளு கப்பல்ல அதே சேலையவா கட்டிக்கிட்டு வருவேன்? வாந்தி எடுத்து எடுத்து மூணு சேல மாத்தியாச்சு.”

மூட்டையை அவிழ்த்து ஒரு தகர டின்னை எடுத்தார். உள்ளே அரிசி. அரிசிக்குள் கையைவிட்டு முழங்கை வரை துழாவி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார்.

“ஈரம் படக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு அஞ்சு வாட்டி சொல்லிச்சு. அரிசிக்குள்ள வெச்சா ஈரம் அண்டாது. என்னா இருக்கு இதுல? கல்யாண வீடியோவா?”

“இல்லீங்க. ஒரு மாதிரி காத்து. ரொம்பக் குளிரான காத்து. அதோட கணக்கு.”

“அடிப்பாவி, ஐஸ்பெட்டியில வெக்கணுமா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

நான் சிரித்துவிட்டேன். அந்த மாதத்தில் முதன்முதலாகச் சிரித்தது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா சாப்பிட்டுப் படுத்த பிறகு, டிஸ்க்கைச் சொருகினேன். துளைகளில் இன்னும் அரிசித் தவிடு இருந்தது. முழு மேகத்தையும் திறந்து, முதலில் என் பழைய பக்கத்திலிருந்தே நிழலைப் போட்டுப் பார்த்தேன். அதே கறுப்புக் கோடு. பிறகு மேகத்தைக் கால்சுற்றுத் திருப்பி, இன்னொரு பக்கத்திலிருந்து போட்டேன்.

சுவராக இருந்தால் இங்கேயும் ஒரு கோடு தெரிந்திருக்க வேண்டும். கோடு இல்லை. ஒரு புள்ளி இருந்தது. சின்ன, வட்டமான, கறுப்புப் புள்ளி. அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று ஓடவிட்டேன். புள்ளி மேகத்துக்குள் நீள்வட்டமாக, அவசரமில்லாமல், ஒரு சுற்றுப் போய் வந்தது. அதைச் சுற்றி முட்களை வரையச் சொன்னேன். சரியாக ஒரு முழுச்சுற்று.

சுழி. நான் கனமான சுவர் என்று எழுதியது ஒற்றைச் சுழி. அதன் மெதுவான சுற்றைத்தான் நான் பக்கவாட்டிலிருந்து பார்த்து, போய்த் திரும்புகிறது என்று நினைத்திருந்தேன்.

தூக்கிப்போட்ட அந்தக் கலங்கல் படங்களின் முழு மேகத்தையும் திறந்தேன். என்ன நடந்தது என்பது முழுக்க அங்கேதான் இருந்தது. தொடக்கத்தில் சுவர் இருக்கிறது. பிறகு அதில் ஒரு நெளிவு, பாம்பு நெளிகிற மாதிரி. நெளிவு பெரிதாகிச் சுவர் கிழிந்து, அதிலிருந்து ஒரு வளையம் வருகிறது. வளையம் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓரத்தில் முட்டித் திறந்துகொள்கிறது. மிஞ்சுவது ஒரே ஒரு கோடு. மேகம் ஒரு பக்கம் லேசாகச் சப்பையானது. கோடு எப்போதும் குட்டையான வழியில்தான் நிற்கும். அந்த வழி, நான் விளக்கடித்த திசைக்குச் சரியாகக் குறுக்கே இருந்தது. மேகத்தைச் சப்பையாக்கும் வரியை நிரலில் எழுதியதும் நான்தான்.

தப்பு என்று தெரிந்தது. அதே நேரத்தில், இவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை என்றும் தெரிந்தது. காட்டுவதற்கு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கோழி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அப்பாவை எழுப்பினேன்.

அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வாசலில் வெயிலில் நிறுத்தி, ஒரு கையில் நோட்டுப் புத்தகத்தையும் மறுகையில் பென்சிலையும் கொடுத்தேன். நோட்டை விளிம்பு வெயிலைப் பார்க்கிற மாதிரி பிடிக்கச் சொன்னேன். தகரச் சுவரில் இரண்டு நிழல் விழுந்தது. இரண்டும் மெல்லிய கோடு.

“ஒண்ணாத்தான் இருக்கு,” என்றார்.

“நோட்டோட விளிம்பு வெயிலப் பாத்தபடியே இருக்கட்டும், ரெண்டையும் கால்சுத்துத் திருப்புங்க.”

நோட்டு அப்போதும் கோடாகத்தான் விழுந்தது. பென்சிலின் நுனியை வெயிலுக்கு நேராக நீட்டினார், அது ஒரு புள்ளியாகிவிட்டது.

“நான் பென்சிலப் பாத்துட்டு நோட்டுன்னு எழுதி அனுப்பிட்டேன் அப்பா.”

அவர் கொஞ்ச நேரம் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாருக்குத் தெரியும் இது?”

“எனக்கும் அந்த அக்காவுக்கும். அக்காவுக்கும் சந்தேகம்தான், இன்னும் தெரியாது.”

“இப்ப எனக்கும் தெரியும்,” என்று சொல்லிவிட்டுப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். தடியை எடுத்துக்கொண்டு பண்ணைப் பக்கம் நடந்துவிட்டார்.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன். சுவர் இல்லை, ஒற்றைச் சுழி என்று சொன்னேன். சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

“வீடியோவா அனுப்ப முடியுமா?” என்றாள். இந்தமுறை குரல் வேறு மாதிரி இருந்தது.

“இங்கேருந்து எப்படி அனுப்புறது அக்கா? டேட்டா உங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கு, நீங்களே தொறந்து பாருங்க.”

“நான் இன்னும் சென்னையில வீட்லதான் இருக்கேன், திரும்பிப் போக ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் தாங்காது. நீ சொல்லு, நான் வரையறேன்.”

நீங்க என்பது நீ ஆகிவிட்டது. ஒவ்வொரு படமாகச் சொல்லச் சொல்ல, அவள் தாளில் வரையும் சத்தம் கேட்டது. “இரு இரு, வளையம் எந்தப் பக்கம் ஒதுங்குது? மேலயா?” “மேலதான், கொஞ்சம் வலது.” “ஆ, சரி, இப்ப?” என்று இருபது நிமிடம். இந்தப் பக்கம் நான் படத்தைப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் அவள் கேட்டு வரைகிறாள். வளையம் திறக்கும் இடத்துக்கு வந்தபோது லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. திரையில் வளையம் பாதி திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. போனைக் கீழே வைத்தபோது முன்பிருந்ததைவிட வீடு பெரிதாக இருந்தது.

பேராசிரியருக்கு எழுதினேன். அவர் எப்போதும் போல இரண்டே வரியில் பதில் எழுதினார். நன்றாகக் கவனித்திருக்கிறாய். குழுவிடம் இருப்பது பழைய அறிக்கை, என்ன செய்வது என்பது உன் முடிவு.

பழைய அறிக்கை அங்கே அழகாக உட்கார்ந்திருந்தது. கனமான சுவர், புதிய கருத்து. அரைமணி நேர நேர்காணலில் யாரும் மேகத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லமாட்டார்கள். திருத்தினால் என்னிடம் மிஞ்சுவது, சுவர் உடைந்து சுழியாகும் என்ற செய்தி. அது தெரிந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. புதிது என்று காட்ட ஒன்றுமில்லாமல், தப்புச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு, மெயின்லேண்டிலேயே பிறந்து படித்தவர்களுக்கு நடுவில் நான் போய் உட்கார வேண்டும். இரண்டு நாள் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது நேர்மை என்று சொன்னால் அது பொய். கர்வம்தான். அந்தச் சுழியை அதன் பெயர் சொல்லாமல் சுவர் என்று ஐந்து பேர் முன்னால் கைகாட்டிப் பேச என் வாய் வராது என்று தெரிந்தது. நான் பார்த்ததை நானே பார்க்காததுபோல் பேசினால், பிறகு தீவுக்காரிக்கு இவ்வளவுதான் தெரியும் என்று யார் சொன்னாலும் அது உண்மையாகிவிடும்.

புதிய அறிக்கையைப் பன்னிரண்டு நாளில் எழுதினேன். முதல் பக்கத்திலேயே, முன்பு அனுப்பியதில் சுவர் என்று எழுதியது தவறு, ஒரே திசையின் நிழலை மட்டும் சேமித்ததால் வந்த தவறு என்று எழுதினேன். ஏன் ஒரே திசையைச் சேமித்தேன் என்பதையும் எழுதினேன். லிங்க், மழை, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எல்லாம். அதை மன்னிப்பாக எழுதவில்லை, எப்படி நடந்ததோ அப்படி. இரண்டு நிழல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கேள்வி கேட்டவள் யார் என்பதையும் குறிப்பிட்டு அவளுக்கு நன்றி எழுதினேன். அனுப்ப மூன்று நாள் கடைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. குழுவிலிருந்து வந்தது ஒரே வரி: பெற்றுக்கொண்டோம். நல்லதா கெட்டதா என்று அதில் எங்கேயும் தெரியவில்லை.

முந்தாநாள் கப்பல் டிக்கெட் கவுண்டரில் காலை ஐந்தரைக்கே போய் வரிசையில் நின்றேன். எங்கள் ஊரில் அந்நேரத்துக்கே வெயில் ஏறிவிடும். பத்து மணிக்கு என் முறை வந்தது.

“ரிட்டர்ன் பீ லேனா ஹை?” என்றார் உள்ளே இருந்தவர். திரும்பி வரவும் சேர்த்து எடுக்கிறாயா என்று கேட்டார்.

“நஹி. ஸிர்ஃப் ஜானே கா.” போவதற்கு மட்டும்.

வீட்டுக்கு வந்து டிக்கெட்டைக் காட்டினேன். அப்பா அதை வாங்கி, எழுத்து தெரிந்தவரைப் போல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“படுக்கிற பங்க்கா? மேல் பங்க் எடுத்தியா? கீழ ஏலாது, எல்லாரும் வந்து குந்துவாங்க.”

“மேல்தான்.”

“அங்க படிக்க இடம் கெடைக்கலன்னா?”

“வர்றதுக்கும் கப்பல் இருக்குல்ல.”

“நான் தனியா சமாளிச்சுப்பேன்,” என்றார், நான் கேட்காமலே. பிறகு உள்ளே போய், பரண்மேல் கிடந்த ஒரு தகர டப்பாவை இறக்கித் துடைத்துக் கொடுத்தார்.

கப்பல் நாளை மறுநாள். பெட்டியில் முதலில் வைத்தது அந்த டப்பாவைத்தான். மூன்று படி அரிசி, நடுவில் ஹார்ட் டிஸ்க்.